குழந்தையின் நிலைப் பல் கெட்டாலோ உடைந்தாலோ: டிஜிட்டல் சிகிச்சை யாருக்கு, எப்போது?

குழந்தைக்கு ஆறு வயது நடக்கும்போது, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதற்கு இடம்விட எந்தப் பால் பல்லும் ஆடி விழுவதில்லை. அதனால் வீட்டில் யாரும் கவனிப்பதும் இல்லை. மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பற்கள் இப்படி வந்து சேர்ந்துவிடும். எட்டு, ஒன்பது வயதில் பிள்ளை வலியில் அழும்போது கூட்டிக்கொண்டு வருவார்கள். "பால் பல்லுதானே டாக்டர், விழுந்து முளைச்சிடும்னு விட்டுட்டோம்" என்பார்கள். போனால் மறுபடி முளைக்காத பல் அது. எழுபது வயதிலும் முறுக்கு கடிக்க உதவ வேண்டிய பல்.

கண்டுபிடிப்பது எளிது. முன்பற்களின் நடுக்கோட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். விழுந்த பல் இருந்தால் அதன் இடைவெளியையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறாவதாக இருப்பதுதான் அந்தப் பல். ஆறு வயதுக்கு ஆறாவது பல் என்று நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது.

இப்படிக் கெட்டுப்போன பற்களையும், விழுந்து அடிபட்டு உடைந்த முன்பற்களையும் ஸ்கேனரால் அளவெடுத்து, கணினியில் வடிவமைத்து, இயந்திரத்தில் கடைந்து பொருத்தும் சிகிச்சை இப்போது சென்னை, கோவை தாண்டிப் பல ஊர்களுக்கும் வந்துவிட்டது. எந்தப் பிள்ளைக்கு அது உதவும், யாருக்கு இப்போதைக்கு வேண்டாம், மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு போகும் பெற்றோருக்குப் பணமும் மிஞ்சும், பிள்ளைக்குப் பல்லும் மிஞ்சும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளரும் பிள்ளையின் நிலைப் பல்லை எவ்வளவு குறைவாகத் தேய்க்கிறோமோ அவ்வளவு நல்லது. டிஜிட்டல் முறை அதற்கு உதவினால் அது நல்ல சிகிச்சை. உதவாத இடத்தில் அது வெறும் செலவு.

இந்தப் பல் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது? ஈறைக் கிழித்துக்கொண்டு எட்டிப்பார்த்த பல், முழுதாக மேலே வந்து எதிர்ப்பல்லைத் தொடுவதற்கு ஓராண்டு, சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. அதுவரை அதன் பின்பாதியை ஈறு மடிப்பு மூடியிருக்கும். பக்கத்திலிருக்கும் பால் பல்லைவிட இது மட்டத்தில் தாழ்ந்திருப்பதால் பிரஷ் இதைத் தொடாமலே மேலே ஓடிவிடும். மென்று உரசாத பல்லில் அழுக்கு நன்றாகப் படியும். மேற்பரப்பில் இருக்கும் குழிகளும் பள்ளங்களும் ஆழமானவை. புதிதாக முளைத்த எனாமலும் முழுப் பக்குவம் அடைந்திருக்காது. ஆகவே அந்த ஓராண்டுக்கு மட்டும், பிரஷ்ஷைக் கன்னத்துப் பக்கமிருந்து குறுக்கே நுழைத்து அந்த ஒரு பல்லை நீங்களே தேய்த்துவிடுங்கள். ஏழு வயதுப் பிள்ளை தானாகப் பல் தேய்க்கும் என்றாலும் இந்த மூலைக்கு அதன் கை போகாது. பள்ளங்களை அடைக்கும் சீலன்ட் பூச்சை அந்த வயதிலேயே போட்டுவிட்டால், நான் இனி எழுதப்போகும் பலவும் தேவைப்படாமலே போகலாம்.

சில பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போதே குறையோடு முளைக்கிறது. ஆறாவது பல்லிலும், சமயங்களில் முன்பற்களிலும், சுண்ணாம்பு வெள்ளையாகவோ பழுப்பு மஞ்சளாகவோ எல்லை தெளிவாகத் தெரியும் திட்டுகள் இருக்கும். எனாமலில் தாது குறைந்திருப்பதால் மென்றாலே அந்த இடம் பெயர்ந்து விழும். 2001-ல் இதற்கு எம்ஐஹெச் என்று பெயரிட்டார்கள். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் நூறு குழந்தைகளில் 13, 14 பேருக்கு இது இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் பல் தேய்க்க அடம்பிடிப்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும். வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்துப் பாருங்கள், அடம் பாதி குறையும். "நான் சரியாப் பால் கொடுக்கலையோ, கர்ப்பத்துல சத்தாச் சாப்பிடலையோ" என்று கண்கலங்கும் அம்மாக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிறப்பை ஒட்டித் தொடங்கி மூன்று வயது வரை இந்தப் பல்லின் எனாமல் தாடைக்குள்ளேயே உருவாகிறது. அந்தச் சமயத்தில் ஏற்பட்ட ஏதோ ஓர் இடையூறுதான் இது. நீங்கள் செய்த தவறு இல்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெற்றோர் இதை ஃபுளோரைடு கறை என்று எண்ணிவிடுவது உண்டு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகள் அவை; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் நடைமுறைக்கு வந்ததே அதற்காகத்தான். ஃபுளோரைடால் வரும் கறை அநேகமாக எல்லாப் பற்களிலும், இடது வலது இரு பக்கமும் ஒரே மாதிரி கோடுகோடாகப் படர்ந்திருக்கும். எம்ஐஹெச் அப்படி இல்லை. ஒரு பக்கத்துக் கடைவாய்ப் பல் உதிர்ந்துகொண்டிருக்க, மறுபக்கத்துப் பல் பளிச்சென்று இருக்கும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு என்பதால் இந்த வித்தியாசம் முக்கியம்.

சரி, பல் கெட்டுவிட்டது. சிறிய குழி என்றால் வழக்கமான ஃபில்லிங் போதும். அதற்கு ஸ்கேனர் தேவையில்லை. பல்லின் முகடுகளே உடைந்து, மிச்சமிருக்கும் சுவர் மெலிந்துபோகும்போதுதான் கேள்வி எழுகிறது. அவ்வளவு பெரிய இடத்தைச் சாதாரண ஃபில்லிங்கால் நிரப்பினால் அது பெயர்ந்து வரும், அல்லது அதைச் சுற்றியிருக்கும் சுவர் உடையும். பெரியவர்களுக்குச் செய்வதுபோல் சுற்றிலும் தேய்த்து முழு கேப் போடலாம் என்றால், பிள்ளைகளின் பல்லுக்குள் இருக்கும் கூழறை பெரியது. ரத்தக் குழாயும் நரம்பும் உள்ள, பல்கூழ் என்ற அந்த உயிர்ப்பகுதி எனாமலுக்கு மிக அருகில் வந்து நிற்கும். தேய்க்கத் தேய்க்க அது திறந்துகொள்ளும் ஆபத்து உண்டு. போதாததற்கு, பல் இன்னும் ஈறிலிருந்து மேலெழுந்துகொண்டே இருப்பதால் இன்று ஈறுக்குள் மறைந்திருக்கும் கேப் விளிம்பு சில ஆண்டுகளில் வெளியே தெரியவரும்.

உடைந்த முகடுகளை மட்டும் மூடி, நல்ல பாகத்தைத் தொடாமல் விடும் ஓவர்லே, ஆன்லே என்ற வகை மூடிகள் இங்கேதான் உதவுகின்றன. வாய்க்கு வெளியே செய்து பல்லோடு பசையால் ஒட்டப்படும் இவை மிகத் துல்லியமாகப் பொருந்த வேண்டும். கேப்பின் விளிம்புக்கும் பல்லுக்கும் நடுவே 120 மைக்ரானுக்குள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குக்குள், இடைவெளி இருந்தால் ஏற்கலாம் என்பது பல் மருத்துவத்தில் நெடுங்காலமாக உள்ள அளவுகோல். டிஜிட்டல் முறை அந்த எல்லைக்குள் நன்றாகவே நிற்கும். இது நேற்று வந்த புதுமை என்று நினைக்க வேண்டாம். ஒளியால் பல்லை அளவெடுக்கலாம் என்ற யோசனையைப் பிரான்சில் பிரான்சுவா டியூரே 1973-லேயே தம் ஆய்வேட்டில் முன்வைத்தார். சூரிக் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவர் மோர்மனும் மின்பொறியாளர் பிராண்டெஸ்டினியும் சேர்ந்து உருவாக்கிய செரெக் இயந்திரம் 1985-ல் முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. அன்று முதல் இன்றுவரை பெரியவர்களின் வாயில் நன்றாகச் சோதிக்கப்பட்ட முறை, இப்போது சிறுவர்களிடம் வந்திருக்கிறது.

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்ப்போம். கீழ்த்தாடையின் ஆறாவது பல்; ஐந்து முகடுகளில் இரண்டு உடைந்திருக்கின்றன. மரத்துப்போக ஊசி போட்டபின், நீல நிற ரப்பர் விரிப்பைப் பொருத்தி அந்தப் பல்லை மட்டும் வெளியே தெரிய வைக்கிறோம். ஓரங்களில் இருக்கும் சொத்தையைச் சுத்தமாக எடுக்கிறோம். பல்கூழுக்கு மேலே உள்ள இடத்தில் மட்டும் அவசரப்படாமல், தோல் பதத்தில் இருக்கும் மெல்லிய அடுக்கை விட்டுவிடுகிறோம். அதன்மேல் பல்கூழைக் காக்கும் சிமெண்ட், அதன்மேல் ஒட்டும் ஃபில்லிங். ஓரங்களைச் சீராக்கிய பிறகு ரப்பரைக் கழற்றி, ஈறைக் காயவைத்து, ஸ்கேனரை எடுக்கிறோம்.

முன்பெல்லாம் இந்தக் கட்டத்தில் அளவெடுக்கும் மாவைக் குழைத்து, இட்லி மாவுப் பதத்தில் தட்டில் நிரப்பி வாய்க்குள் வைத்து அழுத்துவோம். மாவு தொண்டைப் பக்கம் வழிந்ததும் குமட்டல் வரும், பிள்ளை தலையை உதறும், அளவு கெட்டுப்போகும், மறுபடி மாவு. ஒருமுறை அப்படி அவதிப்பட்ட பிள்ளை அடுத்த தடவை கிளினிக் வாசலிலேயே நின்றுவிடும். ஸ்கேனரோ டார்ச் லைட் அளவுள்ள ஒரு கருவி. அதன் நுனியை வாய்க்குள் நகர்த்த நகர்த்த, எதிரே இருக்கும் திரையில் பல் துண்டுதுண்டாக உருவெடுக்கிறது. படாத இடம் ஓட்டையாகத் தெரியும். அங்கே மட்டும் மறுபடி காட்டினால் போதும். பிள்ளைக்கு இருமல் வந்தால் நிறுத்திவிட்டு, எச்சிலை உறிஞ்சியபின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எவ்வளவு பயந்த பிள்ளையானாலும் தன் பல் திரையில் வளர்வதைப் பார்த்ததும் "அது என் பல்லா?" என்று கேட்டுவிடும். கீழ்த்தாடை, மேல்தாடை, கடித்த நிலை மூன்றும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஸ்கேன் என்ற பேச்சு வந்ததும் கதிர்வீச்சோ என்று சிலர் பயப்படுகிறார்கள். இந்தக் கருவி பயன்படுத்துவது வெறும் ஒளி. எக்ஸ்ரே எதுவும் இல்லை.

அடுத்து, பக்கத்துப் பல், எதிர்ப்பல் இவற்றின் வடிவத்தைப் பார்த்து மென்பொருள் ஒரு மூடியை வரைந்து காட்டும். அதை மருத்துவர் திருத்துவார். கடி எங்கே விழுகிறது, மூடி எங்கே மெலிந்திருக்கிறது என்பதெல்லாம் வண்ணங்களில் தெரியும். பிறகு மூடி செய்யும் பொருளின் சிறு கட்டி ஒன்றை இயந்திரத்தில் மாட்டினால், தண்ணீர் பீய்ச்ச, வைர முனைகள் அதைக் கடைந்து கால் மணி நேரத்துக்குள் மூடியைத் தந்துவிடும். வாயில் பொருத்திப் பார்த்து, மறுபடி ரப்பர் விரிப்பைப் போட்டு, பல்லையும் மூடியையும் பக்குவப்படுத்தி, பசையால் ஒட்டி, நீல ஒளியில் இறுக்குகிறோம். பற்களுக்கு நடுவே நூல் விட்டுப் பார்க்கிறோம். நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, அதிகமாகத் தட்டும் இடத்தைத் தேய்த்து மெருகிடுகிறோம். சொந்தமாகக் கடையும் இயந்திரம் இல்லாத கிளினிக், ஸ்கேன் கோப்பைச் சென்னையிலோ கோவையிலோ உள்ள லேபுக்கு அனுப்பும். மூடி கூரியரில் வரும். அப்போது இரண்டு தடவை போக வேண்டியிருக்கும். நடுவில் போடும் தற்காலிக அடைப்பு விழுந்துவிட்டால் காத்திருக்காமல் உடனே போங்கள். இரண்டு வழியும் நல்ல வழிதான். ஒரே நாளில் முடிகிறது என்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

மூடியை எதில் செய்வது? பீங்கானும் ரெசினும் கலந்த கட்டிகளைச் சிறுவர்களுக்கு நான் முதலில் யோசிப்பேன். எதிர்ப்பல்லை அதிகம் தேய்க்காது, சிறிது உடைந்தால் வாய்க்குள்ளேயே ஒட்டிச் சரிசெய்துகொள்ளலாம், சூளையில் வைக்க வேண்டியதில்லை. லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கான் இன்னும் உறுதியானது, பார்க்கவும் அழகு. கடைந்தபின் சூளையில் வைக்க அரை மணி நேரம்போல ஆகும். சிர்கோனியா மிகக் கடினமானது. பெரியவர்களின் முழு கேப்புக்கு நல்ல பொருள் என்றாலும், பாதிப் பல்லை ஒட்டிக் காக்கும் இந்த வேலைக்கு நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஸ்கேனரை எடுப்பதற்கு முன்பே பல்லின் தலைவிதி பாதி முடிவாகிவிடுகிறது. பல்கூழ் உயிரோடு இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. ஆறாவது பல் முளைத்தபின் அதன் வேர் முழுதாக வளர்ந்து நுனி மூட இன்னும் மூன்று ஆண்டுகள்போல ஆகிறது. அதாவது ஒன்பது, பத்து வயது வரை. அதற்குள் கூழ் செத்துவிட்டால் வேர் குட்டையாகவும் சுவர் மெல்லியதாகவும் அப்படியே நின்றுவிடும். மேலே எவ்வளவு அருமையான மூடி போட்டாலும் அந்தப் பல் பலவீனமான பல்தான். எனவே யாராவது "ரூட் கெனால் பண்ணிக் கேப் போட்டுடலாம்" என்று முதல் நாளே சொன்னால், "வேர் முழுசா வளர்ந்திருக்கா, கூழைக் காப்பாத்த வழியில்லையா டாக்டர்?" என்று கேளுங்கள். கூழின் கெட்ட மேற்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, எம்டிஏ போன்ற சிமெண்டை வைத்து, கீழே உள்ள உயிருள்ள கூழைக் காக்கும் சிகிச்சை இருக்கிறது. வலி கடுமையாக இருந்த இளம் பற்களில்கூட அது நன்றாகப் பலன் தருகிறது. கூழ் பிழைத்தால் வேர் தொடர்ந்து வளரும். மூடிக்கு அவசரமில்லை, சில வாரங்கள் பார்த்துவிட்டுப் போடலாம்.

இரண்டாவது கேள்வி ஈரம். பாதி முளைத்து ஈறு மூடியிருக்கும் பல்லை ஸ்கேன் செய்ய முடியாது. ஒளிக்குத் தெரியாத விளிம்பைக் கணினி ஊகிக்கும். அங்கே இடைவெளி வரும், அதில் மறுபடி சொத்தை வரும். ரத்தமோ எச்சிலோ சுரந்துகொண்டே இருக்கும் இடத்திலும் அதே கதை. எம்ஐஹெச் பல்லில் இன்னொரு சிரமமும் உண்டு. தாது குறைந்த எனாமலில் பசை சரியாகப் பிடிக்காது. நல்ல எனாமல் இருக்கும் இடம் வரை விளிம்பைக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பற்கள் ஊசிக்கும் எளிதில் மரத்துப்போகாது. பிள்ளை நாற்காலியில் அரைமணி நேரம் அமைதியாக உட்கார முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வாயில் எட்டு, பத்துப் பற்கள் சொத்தையாக இருக்கும்போது ஒரு பல்லுக்கு மட்டும் விலையுயர்ந்த மூடி போடுவது முறையல்ல. முதலில் சாப்பாட்டு நேரங்களுக்கு நடுவே தின்னும் மிட்டாயும் பாட்டில் ஜூஸும் நிற்கட்டும். மற்ற சொத்தைகளை அடைத்தாகட்டும். 1000 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டில் இரவுத் தேய்ப்பு பழகட்டும்.

இத்தகைய பிள்ளைகளுக்கு என் பதில் உலோக கேப். எஃகில் ஆயத்தமாக, பல அளவுகளில் வரும் மெல்லிய கேப் அது. பல்லை மிகச் சிறிதளவே தேய்த்து, ஒரே உட்காரலில் பொருத்திவிடலாம். விலையும் பல மடங்கு குறைவு. வெள்ளி நிறத்தில் தெரிவதைப் பார்த்துப் பெற்றோர் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் உதிர்ந்துகொண்டிருக்கும் எட்டு வயதுக் கடைவாய்ப் பல்லை, வலியில்லாமல் மென்றுகொண்டு, பதினேழு பதினெட்டு வயது வரை கொண்டுபோய்ச் சேர்க்க இதற்கு இணையான எளிய வழி இல்லை. ஈறும் கடியும் நிலைபெற்ற பிறகு ஸ்கேன் செய்து பீங்கான் மூடி போட்டுக்கொள்ளட்டும். உங்கள் மருத்துவர் உலோக கேப்பைச் சொன்னால் அவரிடம் நவீனக் கருவி இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

பல்லைக் காக்கவே முடியாத நிலையும் உண்டு. அப்போதும் எடுக்கும் காலம் முக்கியம். எட்டிலிருந்து பத்து வயதுக்குள், பின்னால் தாடைக்குள் இருக்கும் இரண்டாம் கடைவாய்ப் பல்லின் வேர் பிரியத் தொடங்கும் பருவத்தில், ஆறாவது பல்லை எடுத்தால் அந்தப் பின்பல் முன்னால் நகர்ந்து இடத்தை நிரப்பிக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. காலம் கடந்து எடுத்தால் பின்பல் சாய்ந்து, இடைவெளி அப்படியே நிற்கும். ஆகவே மிகவும் மோசமான பல்லுக்கு, பிடுங்குவதற்கு முன்பும், பெரிய தொகை செலவழித்து மூடி போடுவதற்கு முன்பும், பல் சீரமைப்பு நிபுணர் ஒருவரிடம் முழு வாய் எக்ஸ்ரேயைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.

இனி முன்பல். சைக்கிளிலிருந்து விழுவது, கபடியில் முழங்கை படுவது, தண்ணீர்த் தொட்டி விளிம்பில் இடிப்பது என்று எட்டு முதல் பன்னிரண்டு வயதில் உடைவது பெரும்பாலும் மேல் முன்பற்கள்தான். எத்துப்பல் உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். உடைந்த துண்டைத் தேடி எடுங்கள். தண்ணீரிலோ பாலிலோ போட்டுக் கொண்டுவாருங்கள். துண்டு நன்றாக இருந்தால் அதையே ஒட்டிவிடலாம். எந்தப் பீங்கானும் அதன் நிறத்துக்கு ஈடாகாது. துண்டு கிடைக்கவில்லை, உதடும் கிழிந்து வீங்கியிருக்கிறது என்றால் உதட்டுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். துண்டு உதட்டுச் சதைக்குள் புதைந்திருப்பது உண்டு.

நிலைப் பல் முழுதாகவே பெயர்ந்து விழுந்துவிட்டால் நிமிடங்கள்தான் கணக்கு. பல்லை மேற்பகுதியில் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலில் லேசாக அலசி, அதே குழியில் அங்கேயே பொருத்தி, கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லிக் கிளம்புங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டுக் கொண்டு ஓடுங்கள். காகிதத்தில் சுற்றினாலோ உலர விட்டாலோ வேரின் மேலிருக்கும் உயிரணுக்கள் இறந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குமேல் உலர்ந்த பல் நிலைப்பது கடினம். பால் பல் விழுந்தால் மட்டும் திருப்பிப் பொருத்தக் கூடாது, அடியில் வளரும் நிலைப் பல்லுக்கு அது கேடு.

துண்டு தொலைந்த முன்பல்லுக்கு டிஜிட்டல் முறை அழகாக உதவுகிறது. ஸ்கேன் செய்ததும், உடையாத பக்கத்து முன்பல்லை அப்படியே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி உடைந்த பல்மேல் வைத்துத் திரையில் பார்க்கலாம். அந்த வடிவத்தை முப்பரிமாண அச்சில் மாதிரியாக எடுத்து, அதன்மேல் ஒளி புகும் சிலிக்கான் அச்சு ஒன்றைச் செய்து, வாயில் அந்த அச்சை வைத்து உள்ளே பல் நிற ஃபில்லிங் பொருளான காம்போசிட்டைச் செலுத்தி ஒளியால் இறுக்குகிறார்கள். பல்லைத் தேய்ப்பது அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். பிற்காலத்தில் உடைந்தால் சேமித்து வைத்த கோப்பிலிருந்து அதே வடிவத்தை மறுபடி கொண்டுவரலாம். பத்து வயதுப் பிள்ளையின் முன்பல்லைச் சுற்றிலும் தேய்த்துப் பீங்கான் கேப் போடலாம் என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஈறு நிலைபெறும் வரை, பதினெட்டு வயதுபோல, காம்போசிட்டே போதும்.

தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்லான இம்பிளான்ட் கேட்டு வரும் பெற்றோரும் உண்டு. வளரும் தாடையில் இம்பிளான்ட் வைக்கக் கூடாது. அக்கம்பக்கத்துப் பற்கள் தாடையோடு சேர்ந்து வளர்ந்து இறங்க, இம்பிளான்ட் எலும்போடு ஒட்டி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். சில ஆண்டுகளில் அந்தப் பல் மட்டும் குட்டையாகத் தெரியும். இழந்த முன்பல்லுக்குப் பதிலாக, பிள்ளையின் சொந்த முன்கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் நடும் சிகிச்சை இருக்கிறது. நடப்போகும் பல்லின் அச்சுப் பிரதியை முப்பரிமாண எக்ஸ்ரேயிலிருந்து முன்கூட்டியே எடுத்து, அதை வைத்துக் குழியைச் சரிபார்த்துவிடுவதால், உண்மையான பல் வெளியே இருக்கும் நேரம் மிகவும் குறைகிறது. பெரிய மையங்களில் மட்டும் செய்வார்கள். ஆனாலும் கேட்டுப் பார்க்கத் தகுந்தது. முப்பரிமாண எக்ஸ்ரே இத்தகைய தேவைக்கு மட்டும். ஒரு சொத்தைப் பல்லுக்காக வழக்கமாக எடுக்க வேண்டியதில்லை.

மூடி போட்ட பிறகு வேலை முடிந்துவிடுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். கூழ் சிகிச்சை செய்த பல்லுக்கு, வேர் வளர்கிறதா என்று மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஸ்கேன் கோப்பின் பிரதியைக் கேட்டு வாங்கி வையுங்கள். எஸ்டிஎல் கோப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். ஊர் மாறினாலும், மூடி உடைந்தாலும் பயன்படும். அடுத்த ஸ்கேனோடு ஒப்பிட்டுத் தேய்மானத்தையும் அறியலாம். வாழ்நாள் உத்தரவாதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளையின் வாயில் போடும் எந்த மூடியும் வாழ்நாளில் ஒருமுறையாவது மாற்ற வேண்டிவரும். மாற்றும்போது தேய்க்கப் பல் மிச்சமிருக்க வேண்டும் என்பதால்தான் இன்று குறைவாகத் தேய்க்கச் சொல்கிறேன். செலவை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். ஸ்கேன், கூழ் சிகிச்சை, மூடி, மறுபரிசோதனை ஆகிய நான்கும் அதில் அடக்கமா என்று பாருங்கள். முகம் வீங்கி, காய்ச்சலும் இருந்தால் மட்டும் இந்த விசாரிப்பெல்லாம் பிறகு. மருந்துக் கடை மாத்திரையில் நாளைக் கடத்தாமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பணம் இல்லை என்பதற்காகப் பிள்ளையின் பல்லைத் தள்ளிப்போடாதீர்கள். சென்னைக் கோட்டை ரயில் நிலையம் எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் பல் மருத்துவத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மற்ற ஊர்களில் உள்ள பல் மருத்துவக் கல்லூரிகளிலும் அந்தப் பிரிவு உண்டு. கட்டணம் தனியார் கிளினிக்கைவிடக் குறைவு, பல இடங்களில் ஸ்கேனரும் இருக்கிறது. குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013-ல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் மருத்துவக் குழு பல் பிரச்சினைகளையும் பார்த்துப் பரிந்துரைச் சீட்டு எழுதித் தரும். அந்தச் சீட்டையும் பழைய எக்ஸ்ரேக்களையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்ப் பதிவு செய்துவிடுங்கள்.